ஒரு நீல வாணம் முறைப்படி அழிக்கப்பட்ட கதை

ஒரு காட்டில் எல்லோருக்கும் வெடி செய்யத் தெரியும். அதனால் பாதிப் பேருக்கு மீசை கிடையாது.

முயல்கள் மூங்கில் கணுவில் வெடிமருந்தைத் திணித்துவிட்டு, எதற்காகத் திணித்தோம் என்பதை மறந்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். வரையாடு ஒன்று கொம்பில் மத்தாப்பைக் கட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவியது. இப்போது அதற்கு ஒரே கொம்பு. ஆமை ஒன்று ஓட்டுக்குள் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தது. அதைப் பற்றி ஆமைகள் பேசுவதில்லை.

இந்தக் காட்டில் சுருளாண்டி என்று ஓர் எறும்புத்தின்னி இருந்தான். அவனுடைய தாத்தா எறும்பு தின்றார். அப்பா எறும்பு தின்றார். சுருளாண்டி மலையிறங்கிப் போய், பி.எஸ்சி. வேதியியல் படித்து, முதல் வகுப்பில் தேறி, திரும்பி வந்து எறும்பு தின்றான்.

அவனுக்குப் பயந்த சுபாவம். அருகில் ஓர் இலை விழுந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்வான். இப்படிப்பட்டவனுக்கு வாணம் செய்கிற ஆசை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், “பயப்படுகிறவன்தான் இதைச் செய்யணும்” என்பான். வேலை செய்யும் இடத்தில் ஒரு சிட்டிகைக்கு மேல் மருந்து வைத்துக்கொள்ள மாட்டான். பொறி பறக்கும் என்று இரும்புக் கரண்டியைத் தொட மாட்டான். பக்கத்தில் மணல் வாளி இரண்டு, தண்ணீர்ப் பானை இரண்டு எப்போதும் இருக்கும். அவன் தூங்கும் வளைக்கும் சரக்கு இருக்கும் குழிக்கும் நடுவே ஓர் ஓடை ஓடியது. செய்தது, கெட்டது, சிந்தியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பான்.

மற்றவர்கள் சத்தத்தைத் தேடினார்கள். சுருளாண்டி நிறத்தைத் தேடினான். சிவப்பு எளிது. பச்சை எளிது. மஞ்சள் கேட்காமலே வந்து நிற்கும். நீலம் மட்டும் வராது. அது செம்பிலிருந்து வருகிற நிறம். சூடு கொஞ்சம் கூடினால் வெளுத்துப்போகும், கொஞ்சம் குறைந்தால் எரியவே எரியாது. நான்கு வருஷத்தில் அறுபத்தொரு முறை தோற்றான். அறுபத்திரண்டாவது முறை, நகத்தளவு மருந்து நீலமாக எரிந்தது. மிச்சமிருந்த மருந்தையெல்லாம் சேர்த்து விளாங்காய் அளவில் ஒரே ஒரு வாணம் செய்தான்.

மறுவாரமே ரசாயனக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இனி யாரும் செம்பு உப்பு விற்கக் கூடாது. ஆகவே இன்னொரு வாணம் செய்ய வழியில்லை. அந்தக் காட்டின் இரவு வானத்தில் யாரும் பார்த்திராத நீலம், ஒரே ஒரு தடவைக்குத்தான் அவனிடம் இருந்தது.

அதை எல்லோரும் பார்க்கும்படி கொளுத்த வேண்டும். அனுமதியோடு கொளுத்த வேண்டும். இங்கேதான் சுருளாண்டி அந்தக் காட்டில் வேறு யாருமே செய்யாத தவறைச் செய்தான். விண்ணப்பம் போடப் புறப்பட்டான்.

பக்கத்து மூங்கில் புதரில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி குடியிருந்தார். அவருடைய தாத்தா, பழத்துக்குள் யாரோ வைத்த வெடிக்காயைக் கடித்துச் செத்தவர். ‘இனிமே நம்ம வம்சத்துல வெடியை நாமதான் வைக்கணும்’ என்று அன்றே முடிவெடுத்த கொம்பையா, புதருக்குள் மூன்று மூட்டை மருந்து சேர்த்துவைத்திருந்தார். அதன்மேல் தலைவைத்துத் தூங்குவார்.

“மாப்ள, அங்க போகாத,” என்றார் கொம்பையா. “ஆபீசு ஓணானுக்கு இந்தக் காட்டுல வெடி இருக்குன்னே தெரியாது.”

“தெனமும் வெடிக்குதே மாமா?”

“சத்தம் போயிருக்கும். காகிதம் போகலையே.”

சுருளாண்டி கேட்கவில்லை. போனான்.

பொறி, புகை மற்றும் சத்தக் கட்டுப்பாட்டு அலுவலகம், பட்டுப்போன ஓர் இலுப்பை மரத்தின் பொந்தில் இயங்கியது. ஆய்வாளர் தவசிமுத்து ஓர் ஓணான். அவருடைய பதினோரு வருஷ உத்தியோகத்தில் வந்த முதல் விண்ணப்பதாரர் சுருளாண்டிதான். அதனால் அங்கே வரிசை இல்லை. இருந்தாலும் வரிசையில் நிற்கச் சொன்னார்.

சிறிது நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“இதுக்கு முன்னாடி விபத்து ஏதும் பண்ணியிருக்கியா?”

“இல்லைங்கய்யா.”

ஆய்வாளரின் தலை மேலும் கீழும் ஆடியது. சுருளாண்டிக்கு மூச்சு வந்தது.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லைங்கய்யா.”

தலை இன்னும் வேகமாக ஆடியது.

“அப்ப, முன் அனுபவம் இல்லைன்னு எழுதிக்கிறேன்.”

“ஐயா, நீங்க தலையாட்டினீங்களே!”

“யோவ், நான் ஓணான்யா. ஆடத்தான் செய்யும். எனக்குக் கல்யாணமே அப்படித்தான் முடிஞ்சுது.”

விதிமுறைப் புத்தகம் நாற்காலிக் காலுக்கு அடியில், நாற்காலி ஆடாமல் இருப்பதற்காக இருந்தது. சுருளாண்டி அதைக் கேட்டு வாங்கினான். முப்பத்தொரு விதிகளையும் நின்றபடியே படித்தான். இரண்டு எழுத்துப்பிழைகளைப் பணிவாகச் சுட்டிக்காட்டினான். ஆய்வாளருக்கு அவனை அன்றிலிருந்தே பிடிக்காமல் போனது.

பதிவேட்டின் முதல் பக்கம், முதல் வரியில் அவன் பெயர் ஏறியது. சரக்கு: நீல வாணம், ஒன்று. இரண்டாவது வரிக்கு ஆள் இல்லை. “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு. போய்ட்டு வா,” என்றார் ஆய்வாளர்.

பத்தாம் நாள் காலையில் கொம்பையாவின் புதர் எழுந்து வானத்துக்குப் போனது. கொம்பையா அந்நேரம் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது, புதர் இருந்த இடத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் பாதியில் விட்டுப் போனது போல ஒரு பள்ளம் இருந்தது. காடே அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆய்வாளர் தவசிமுத்து பதிவேட்டோடு சுருளாண்டியின் வளைக்கு வந்தார். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

“பதிவேட்டின்படி இந்தக் காட்டுல வெடிமருந்து வச்சிருக்கிறவன் ஒரே ஆளு.”

சுருளாண்டி பந்தாகச் சுருண்டான். பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஐயா, என் வாணம் வெடிக்கலை. குழியில பத்திரமா இருக்கு. நோட்டைப் பாருங்கய்யா.”

ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். நான்கு வருஷம். தேதி, நேரம், காற்று அடித்த திசை, சிந்தியது எத்தனை துளி.

“தப்புப் பண்ணாதவன் எவன்யா இவ்வளவு எழுதுவான்?”

“அதானே!” என்றார் கூட்டத்திலிருந்த கொம்பையா.

“ஐயா, வெடிச்ச இடம் கொம்பையா மாமாவோட புதருங்கய்யா.”

“கொம்பையா பேரு பதிவேட்டுல இல்லையேப்பா. பேரே இல்லாத ஆளு எப்படி வெடி வச்சிருக்க முடியும்? அது சட்டவிரோதமில்ல?”

கொம்பையா வெட்கப்பட்டதுபோல மண்ணைக் கிளறினார்.

பறிமுதல் ஆணை அங்கேயே எழுதப்பட்டது. வாணத்தை அலுவலகத்தில் வைக்க முடியாது; அது காய்ந்த மரம். ஆகவே தகுதியுள்ள ஒருவர், இன்றே, அலுவலகம் மூடும் ஐந்தே முக்கால் மணிக்குள் அதை அழித்துவிட வேண்டும். தகுதியுள்ளவர் யார் என்று பதிவேட்டில் தேடினார்கள். அதிலும் ஒரே பெயர்தான் இருந்தது.

சுருளாண்டி தன் கையாலேயே கொளுத்த வேண்டும், அதுவும் பட்டப்பகலில். வெயிலில் நீல வாணம் விடுவது மோருக்குள் பால் ஊற்றிக் காட்டுவது மாதிரி. யார் கண்ணிலும் படாமல் நான்கு வருஷம் புகையாகப் போகும்.

“ஐயா, பொழுது சாஞ்ச பிறகு பண்ணலாங்களா?”

“அஞ்சே முக்காலுக்கு நான் வீட்டுக்குப் போகணும். அந்தக் குளத்துல தூக்கிப் போடு. முடிஞ்சுது.”

“செம்புங்கய்யா. மீன் செத்துரும். விதி ஒன்பது.”

“அப்ப எரி. ஆனா விதிப்படி எரி. நாளைக்கு எவனும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது. ஒரு விதி விட்டுப்போச்சுன்னாலும் உன்னைத் தொலைச்சுருவேன்.”

பந்து மெதுவாக அவிழ்ந்தது.

விதி மூன்று: சுற்றிலும் சருகு இருக்கக் கூடாது. சுருளாண்டி கூட்டத் தொடங்கினான். பாறையிடுக்கில் இருந்த சருகைக்கூட நகத்தால் கிண்டி எடுத்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“மாப்ள, கோலம் போடப் போறியா?” என்று கொம்பையா கத்தினார்.

விதி ஏழு: பார்வையாளர்கள் நூறு எட்டு, அதாவது நூறு காலடி, தள்ளி நிற்க வேண்டும். ஆய்வாளர் தாமே நூறு எட்டு எண்ணி நடந்து, “இங்க நிக்கிறோம்,” என்றார். ஓணானின் நூறு எட்டு ஒரு வாழையிலை நீளம் வந்தது.

“ஐயா, இங்க நின்னா உங்க வாலை வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கத்தான் ஆளு வேணும். யாரோட எட்டுன்னு விதியில இல்லை. சந்தேகம் வந்தா பெரிய அளவை எடுக்கணும்னு எட்டாவது விதி சொல்லுது.”

பெரிய எட்டுக்காக யானை அங்கம்மாவுக்கு ஆள் போனது. அங்கம்மா கரும்புக் காட்டிலிருந்து மென்றுகொண்டே வந்தாள். “என்னடா தம்பி, வயிறாரத் திங்க விடுறீங்களா?” என்று அலுத்துக்கொண்டு நடந்தாள். அறுபத்துநாலில் எண்ணிக்கை மறந்தது. திரும்பவும் முதலிலிருந்து நடந்தாள்.

விதி பதினான்கு: ‘யாரும் பக்கத்தில் வர வேண்டாம்’ என்று நான்கு திசைகளிலும் மும்மூன்று முறை அறிவிக்க வேண்டும். சுருளாண்டி அறிவித்தான். அதுவரை விஷயம் தெரியாதவர்களும் அதைக் கேட்டுத்தான் வந்தார்கள். குரங்குகள் கொய்யாவோடு மரத்தில் இடம்பிடித்தன. முயல்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டன.

மணி ஐந்தரை. ஆய்வாளர் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

“நீயே பத்தவச்சிரு. நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

“விதி பத்தொன்பதுங்கய்யா. தொடங்கிய அழிப்பை ஆய்வாளர் பாதியில் விட்டுப் போகக் கூடாது. போனால் பணிநீக்கம்.”

“அப்படியா இருக்கு?”

“எழுத்துப்பிழையோட இருக்குங்கய்யா.”

ஆய்வாளர் உட்கார்ந்தார்.

சுருளாண்டிக்கு அப்போதுதான் தன் நிழல் கண்ணில் பட்டது. அது நீண்டு ஓடையைத் தாண்டியிருந்தது. பொழுது சாய்கிறது. கூடவே ஒரு பயமும் வந்தது: வேண்டுமென்றே இழுக்கிறோமோ? நேர்மையாக யோசித்துப் பார்த்தான். ஒரு விதியையும் அவன் சேர்க்கவில்லை. யாரும் பார்க்காதபோதும் இதே வேலையை இதே வேகத்தில்தான் செய்வான். மற்றவர்கள் செய்வதில்லை என்பதற்கு அவன் என்ன பண்ணுவான்? ஆனால் விதி இருபத்துநான்கை வாசிக்கும்போது அவன் குரல் சற்றுத் துள்ளியது. அதை மறைப்பதற்கில்லை.

விதி இருபத்துநான்கு: காற்று முழுவதும் அடங்க வேண்டும். ஒரு குச்சியில் இறகைக் கட்டித் தொங்கவிட்டு, எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறகு ஆடியது.

“யோவ், என் சம்சாரம் தேடுவாய்யா,” என்றார் ஆய்வாளர்.

“ஆடுதுங்கய்யா.”

“நானும்தான் ஆடுறேன். என்னை எவனாவது பாக்குறானா?”

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. மேகத்தில் இருந்த சிவப்பும் போனது. மரங்கள் கறுத்தன. அதற்குப் பிறகும் இறகு இரண்டு தடவை அசைந்தது. பிறகு நின்றது.

மீதி விதிகளையும் முடித்து, நீளமான கழியால் சுருளாண்டி திரியைத் தொட்டான். நூறு யானையெட்டு ஓடி வந்து சுருண்டான். ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுவைத்தான்.

வாணம் ஏறியது. மேலே போய் ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தக் கணத்தில் அவனுக்கு அறுபத்தொரு தோல்விகளும் வரிசையாக ஞாபகம் வந்தன.

பிறகு சங்குப்பூ விரிந்தது. வானம் முழுக்க, ஓசை அதிகமில்லாமல், அசல் நீலம். பாறை நீலமானது. ஓடை நீலமானது. கொம்பையாவின் மூக்கு நீலமானது. குரங்கு கொய்யாவைக் கடிக்க மறந்தது. மூன்று மூச்சு நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு முயல்குட்டி, “இன்னொண்ணு!” என்று அழத் தொடங்கியது.

ஆய்வாளர் அழிப்புச் சான்றிதழை எடுத்தார். அழிக்கப்பட்ட பொருள்: நீல வாணம், ஒன்று. அழிக்கப்பட்ட விதம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, ‘திருப்தி’ என்று எழுதினார்.

எழுதிவிட்டு, சுருளாண்டியைத் தனியாக அழைத்துப்போனார்.

“வேற எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா? உண்மையைச் சொல்லு.”

“இல்லைங்கய்யா.”

“வளையைச் சோதனை போடுவேன்.”

“போடுங்கய்யா. இருக்காது.”

உண்மையாகவே உள்ளே போய்த் தேடினார். தலையில் எறும்போடு வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது.

“அடுத்த வருஷமாவது கொஞ்சம் சட்டத்தை மீறப் பாருய்யா,” என்றார். “நான் வந்து பிடிக்கிறேன்.”

அழிப்புச் சான்றிதழ் இருந்ததால், காட்டில் வெடிமருந்தே இல்லை என்று பதிவேடு மூடப்பட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தங்கள் எல்லாம் இடி என்று எழுதப்பட்டன. கொம்பையா புதிய புதருக்கு நான்கு மூட்டையோடு குடிபோனார். சுருளாண்டியின் உரிம விண்ணப்பத்துக்கு மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது: நிராகரிக்கப்படுகிறது; காரணம், விண்ணப்பதாரரிடம் வாணம் ஏதும் இல்லை.

சுருளாண்டி அந்தக் கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தான். புதிய வரியில் எழுதினான்: ‘அறுபத்துமூன்று. நீலம் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். காற்று இல்லை.’

நீதி: விதிகளில் ஒன்றைக்கூட விடாமல் கடைப்பிடியுங்கள், அதற்குள் இருட்டிவிடும்.