மூன்று மீன்காசும் ஒரு வாஷரும்

திருமுக நாட்டுக்கு வழி கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டவர் ஏன் கேட்டார், சொன்னவர் ஏன் சொன்னார் என்று இரண்டு பேரையும் விசாரிப்பார்கள். எனவே அந்த நாடு கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அந்த நாட்டில் அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சந்தை மேட்டில் இரண்டு குடங்கள் வைக்கப்படும். ஒரு குடத்துக்கு வாய் உண்டு. மற்றதற்கு வாய் வைக்க நேரம் போதவில்லை என்று அரண்மனைக் குயவர் ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவிப்பார். மக்களும் அவருடைய வருத்தத்தை ஏற்றுக்கொண்டு, வாயுள்ள குடத்தில் ஓலையைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

நாட்டின் காசில் அரசரின் முகம் இருந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் முதலில் அந்த முகத்தைக் கும்பிட வேண்டும். ஒரு கட்டுக் கீரை வாங்கி முடிப்பதற்குள் கீரை வாடிவிடும். அரசரின் முகத்தை இருட்டில் வைக்கக் கூடாது என்பதால் சுருக்குப்பைக்குத் தடை. எல்லாரும் காசை உள்ளங்கையில் ஏந்தியபடியே நடந்தார்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் யாரையும் நம்பவில்லை. மக்கள் விழிப்போடு இருக்கிறார்கள் என்று அரண்மனை இதைப் பாராட்டியது.

இந்த நாட்டின் தாழ்ந்த மூலையில், ஆற்றங்கரைக்கும் கீழே, பள்ளத்தெரு இருந்தது. முப்பத்தேழு வீடுகள். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அதை ஆற்றுக்குள் இறைத்துத் தள்ள ஒரே ஒரு பம்பு. அதை ஓட்டுபவள் ஆவுடை. மாமனாருக்குப் பிறகு புருஷன், புருஷனுக்குப் பிறகு அவள்.

ஆடி மாதத்தில் பம்பின் வாஷர் அறுந்தது. நாலு விரல் அகலத்தில் கறுப்பு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆவுடை மாட்டுத்தோலை வெட்டி மாட்டிப் பார்த்தாள். பழைய செருப்பை வெட்டி மாட்டிப் பார்த்தாள். பம்பு இருமிவிட்டு நின்றது. அந்த அளவில் வாஷர் செய்பவர் கடலுக்கு அப்பால் மணற்தீவில் இருந்தார். விலை மூன்று மீன்காசு. அந்தத் தீவில் அரசர் இல்லாததால் காசில் மீனைப் போட்டிருந்தார்கள்.

ஐப்பசிக்குள் வாஷர் வராவிட்டால் தெரு மூழ்கும். முன்பு ஒருமுறை பம்பு ஒரே ஒரு நாள் நின்றதில், பக்கத்து வீட்டுப் பேச்சியின் கட்டில் வாசல் வழியாகத் தானே வெளியேறிப் போனது.

"மூணு காசுதான மைனி, அனுப்பிட்டா வந்துரும்லா?" என்றாள் பேச்சி.

ஆவுடையும் அப்படித்தான் நினைத்தாள்.

அயல்காசு கேட்பவர்கள் சோதனை மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே திருமுகப் பாதுகாவலர் அம்பலவாணர் உயரமான ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுத்தர் குழந்தைவேல், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"விற்பவனை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"தெரியாதுய்யா. எங்க மாமனார் காலத்துல அவுககிட்டதான் பம்பு வாங்கினது."

"முன்பின் தெரியாத ஒருவனுக்கு நாட்டின் செல்வத்தை அனுப்பத் துணிந்திருக்கிறாய்."

"அப்போ தெரியும்னு வச்சுக்கோங்கய்யா."

"அயலானோடு தொடர்பு," என்றார் அம்பலவாணர். குழந்தைவேல் எழுதிக்கொண்டார்.

ஆவுடை வாயை மூடிக்கொண்டாள். அதற்கும் "கேள்விக்கு மௌனம்" என்று எழுதினார்கள்.

"நம் காசை அனுப்பலாம் என்று எண்ணினாயா? அரசரின் முகத்தைக் கப்பலேற்றுவது அரசரை நாடு கடத்துவதாகும்."

"இல்லைய்யா. அவுக காசுதான் கேக்காக. மீனு போட்ட காசு."

அம்பலவாணர் முன்னால் சாய்ந்தார். "யாருடைய மீன்?"

"சும்மா மீனுய்யா."

"சும்மா ஒரு மீனைக் காசில் போடுவார்களா? அதன் பின்னால் யாரோ இருக்கிறார்கள்." பிறகு விலையைச் சொன்னார். கடைத்தெருவில் ஒரு மீன்காசுக்கு நாற்பது அரசர்காசு என்று பேசிக்கொள்கிறார்களாம். ஒரு மீன் நாற்பது அரசர்களுக்கு ஈடாகுமா? ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்று சட்டம். அதற்குப் பெயர் மரியாதை விலை.

ஆவுடைக்கு மனம் குளிர்ந்தது. மூன்று காசுகளை நீட்டினாள். மண்டபத்தில் இருந்த எல்லாரும் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள்.

"இருப்பு இல்லை," என்றார் அம்பலவாணர்.

வெளியே வந்தபோது குழந்தைவேல் வெற்றிலை துப்ப வந்தவர்போல் பக்கத்தில் நின்றார். "எண்ணெய்க்கடைக்குப் பின்னால போய்ப் பாருங்கம்மா. நான் சொல்லலை."

"பொறவு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நீங்களாப் போனீங்க."

இவன் ஏன் சொல்கிறான் என்ற சந்தேகம் தெருவுக்குத் திரும்பும் வரை ஆவுடையை விடவில்லை. போனாலும் ஆபத்து. போகாவிட்டால் ஐப்பசி. முப்பத்தேழு வீட்டிலும் கேட்டு நூற்றிருபது அரசர்காசு சேர்த்தாள். உள்ளங்கை போதாததால் அரிசி புடைக்கிற சுளகில் முகம் மேலே தெரியும்படி பரப்பி எடுத்துப் போனாள். எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று கும்பிட்டார்கள். அரை நாழிகைத் தூரத்தைக் கடக்க அரை நாள் ஆனது. களவாக ஒரு காரியம் செய்யப் போகிறவளுக்கு இதைவிடப் பெரிய ஊர்வலம் நடந்திருக்க முடியாது.

எண்ணெய்க்கடைக்குப் பின்னால் இருந்தவன் பெயர் சொல்லவில்லை.

"மரியாதை விலையா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இங்க மரியாதையெல்லாம் கிடையாது. நாப்பது."

அவன் பெட்டியைத் திறந்தான். மூடியின் உள்பக்கத்தில் சோதனை மண்டபத்தின் முத்திரை இருந்தது. ஆவுடை அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். மூன்று மீன்காசையும் அவள் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

இனிக் கடிதம். நாட்டைவிட்டு வெளியே போகும் எந்தக் கடிதமும் அரசரின் பட்டப்பெயர்களோடுதான் தொடங்க வேண்டும். அவை மூன்று பக்கம் இருந்தன. 'பம்புக்கு ஒரு வாஷர் வேண்டும், காசு உள்ளே இருக்கிறது' என்று எழுத ஓரத்தில் ஒரு விரற்கடை இடம்தான் மிஞ்சியது. அதில் பொடியெழுத்தாக எழுதி, காசை வைத்து, மண்டபத்தின் வழியாகவே கப்பலுக்கு அனுப்பினாள். காசு எங்கிருந்து வந்தது என்று அம்பலவாணர் கேட்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மணற்தீவு வணிகர் கடிதத்தைப் பிரித்தார். மூன்று பக்கப் பட்டங்களையும் படித்து முடித்தபோது, இதை அனுப்பியவர் ஒரு மாமன்னர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நேர்மையான மனிதர். வாஷரைப் பட்டுத்துணியில் சுற்றி, மாமன்னரின் பெயருக்கே அனுப்பிவைத்தார்.

புரட்டாசிக் கடைசியில் பொதி வந்தது. அரண்மனையில் அதை மோந்து பார்த்தார்கள். ஓர் ஆட்டிடம் காட்டினார்கள். ஆடு அதைத் தின்னப் பார்த்ததால் ஆட்டையும் தனியாகக் கட்டிவைத்து விசாரித்தார்கள். கடைசியில் அம்பலவாணர் எழுந்தார்.

"கேட்காமலே வந்திருக்கிறது. பட்டில் சுற்றி வந்திருக்கிறது. அரசர் பெயருக்கு வந்திருக்கிறது. மணற்தீவு பணிந்துவிட்டது. இது கப்பம்."

பறை அறைந்தார்கள். கடல் கடந்த நாடு முதல்முறையாகத் திருமுக நாட்டுக்குக் கப்பம் கட்டியிருக்கிறது. அரசர் அந்தக் கறுப்பு வளையத்தைப் புஜத்தில் மாட்டிக்கொண்டு யானைமேல் உலா வந்தார். உலா ஆற்றங்கரை வழியாகப் போனபோது, பள்ளத்தெருக்காரர்கள் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று கையசைத்தார்கள். முதல் மழை பெய்துவிட்டிருந்தது.

"ஏ மைனி," என்றாள் பேச்சி. "நம்ம வாஷரு யானை மேல போகுது பாரு."

"வாயை மூடிட்டுக் கையை ஆட்டு."

மறுநாளே புதிய சட்டம் வந்தது. கப்பத்தையோ காசில் உள்ள முகத்தையோ இழிவாகப் பேசியவருக்கு ஆறு மாதம் சிறை. அதைக் கேட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தவருக்கும் ஆறு மாதம். அன்றிலிருந்து பேச்சியும் ஆவுடையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள்.

ஐப்பசி பிறந்ததும் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. பிள்ளைகளைக் கரைமேல் கொண்டுபோய் உட்காரவைத்து, தலைக்குமேல் பாயைப் பிடித்தார்கள். இரண்டு வீட்டுச் சுவர்கள் கரைந்து விழுந்தன. இன்னும் நான்கு நாள் பெய்தால் தெரு மிஞ்சாது என்று ஆவுடை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அரண்மனைச் சேவகர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

அரசரின் புஜம் வீங்கிவிட்டதாம். நீலம் பாரித்துவிட்டதாம். காரணமில்லாமல் வளையத்தைக் கழற்றினால் கப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதாகும். அறுக்கலாம் என்றால், கப்பத்தை அறுப்பது வெற்றியை அறுப்பதாகும். இது அயலானின் சதி என்று அம்பலவாணர் கண்டுபிடித்து, மண்டபத்தில் எழுதி வைத்திருந்த ஆவுடையின் கடித நகலை எடுத்துப் பார்த்து, ஓரத்தில் இருந்த பொடியெழுத்தைப் படித்துவிட்டார். 'வாஷர்' என்பது சதிகாரர்களின் குறிச்சொல் என்று அவருக்குப் பட்டது.

"இது என்ன என்று நீதான் சொல்ல வேண்டும்," என்றார்.

பம்பு வாஷர் என்று சொன்னால் அரசர் பம்பு வாஷரை மாட்டிக்கொண்டு உலா வந்தார் என்று ஆகும். சொல்லாவிட்டால் தெரு போகும். ஆவுடை ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே அவருடைய முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் எதை நம்புவார்? எதையும் நம்ப மாட்டார். சந்தேகத்தை மட்டும் நம்புவார்.

"விஷம் இருக்குமோன்னு தோணுதுய்யா," என்றாள்.

அம்பலவாணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மண்டபத்தில் அவரைவிட அதிகமாகச் சந்தேகப்படும் ஒருவரை அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

"எப்படிக் கண்டறிவது?"

"தண்ணியில போட்டு ஓட்டிப் பாக்கணும். விஷம் இருந்தா அந்தத் தண்ணில உள்ள மீனெல்லாம் செத்து மெதக்கும்."

"அரண்மனைக் குளத்தில் போடலாமா?"

"அரசர் குடிக்கிற தண்ணிலயா?" என்று ஆவுடை பதறினாள். "வேண்டாம்யா. எங்க தெருவுல வேண்டிய மட்டும் தண்ணி கெடக்கு. செத்தா நாங்கதான சாவோம்? பம்புல மாட்டிட்டா அதுவே இழுத்து ஓட்டும்."

அந்தத் தியாகம் அவையோரைக் கலங்கவைத்தது. "சோதனை எத்தனை நாள்?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"மழை நிக்கிற வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டாச் சந்தேகமே இருக்காதுய்யா."

விளக்கெண்ணெய் தடவி வளையத்தைக் கழற்றினார்கள். பல்லக்கில் வைத்துப் பள்ளத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆவுடை அதைக் கும்பிட்டுவிட்டு, பம்பில் மாட்டி இறுக்கினாள். பம்பு ஒருமுறை இருமியது. பிறகு ஓடியது. இரண்டு காவலர்கள் குடை பிடித்து நின்று, செத்த மீன் வருகிறதா என்று இரவும் பகலும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பேச்சியின் வாசற்படி தெரிந்தது.

அரசரின் புஜவலிமையால் பள்ளத்தெரு மீண்டது என்று அரண்மனை அறிவித்தது. பின்னாலேயே வரியும் வந்தது. கப்பச் சோதனை வரி, நாடு முழுதும் வீட்டுக்கு ஒரு மீன்காசு. பள்ளத்தெரு கட்டத் தவறினால் வளையம் அரண்மனைக்குத் திரும்பும்.

வசூலுக்கு வந்தவர் குழந்தைவேல்தான். ஆவுடை ஓர் அரசர்காசை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். அவர் கும்பிட்டார். வாங்கவில்லை.

"மீன்காசும்மா."

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதான சட்டம்? இத வாங்கிக்கோங்க."

"இது வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்?"

குழந்தைவேல் முன்னும் பின்னும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அரண்மனையிலயே இத யாரும் வாங்குறதில்லை."

ஆவுடை கையை மடக்கவில்லை. அரசர் அவளுடைய உள்ளங்கையிலிருந்து குழந்தைவேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இதக் கேட்டுட்டேனே," என்றாள். "இப்ப நான் என்ன செய்ய? சொல்லலைன்னா எனக்கும்லா ஆறு மாசம்?"

"அம்மா..."

"உங்களுக்கும் பிள்ளைக இருக்கும். எனக்கு மட்டும் சொல்ல ஆசையா?"

குழந்தைவேல் நெற்றியைத் துடைத்தார். புத்தகத்தை எடுத்தார். முப்பத்தேழு வீட்டுக்கும் ரசீது எழுதினார். 'மீன்காசு ஒன்று, முழுமையாகப் பெறப்பட்டது.' கடைசி ரசீதைக் கிழித்துக் கொடுத்தபோது, "எல்லாத் தெருவுலயும் இப்படித்தாம்மா எழுதிட்டு வர்றேன்," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

தை மாதத்தில் அரண்மனை ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் மீன்காசு இருப்பு வரலாறு காணாத அளவு உயர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு காசுக்கும் ரசீது இருக்கிறது. அதை நம்பி அரசர் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தந்தச் சிம்மாசனம் வாங்க ஆணையிட்டார். கடிதத்தில் அவருடைய பட்டங்கள் இப்போது ஐந்து பக்கம்.

கப்பல் வந்து மூன்று நாளாகிறது. பம்புக்கு எண்ணெய் விடக் கரைமேல் ஏறும்போதெல்லாம் ஆவுடைக்கு அது தெரிகிறது. சிம்மாசனம் மேல்தட்டில் பட்டுத்துணிக்குள் இருக்கிறது. விற்பவர் அதை இன்னும் இறக்கவில்லை. முதலில் காசைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாராம்.