விளக்கை வலம் வந்த கதை

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்படும் சிரிப்புக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. பக்தி முற்றிப்போய் நான் மேடையில் விழுந்தேன் என்பதுதான் அது. ஆறு வருடமாக நான் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் சிரிப்பு நின்றுவிடும். அப்புறம் மிச்சம் இருக்கிற ஆளை யாருக்கும் பிடிக்காது.

எனக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. (நாள் முழுக்கக் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்கும் உத்தியோகம். அந்த முகச்சுளிப்பை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா என்று செல்வி கேட்பாள்.) செல்வி என் மனைவி. வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம்.

ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸைக் காட்டினாள். சிதம்பரத்தில் ஞாயிறுதோறும் உலக நாட்டுப்புற நடனப் பயிற்சி, எட்டு வாரம், வயது தடையில்லை. சொல்லிக்கொடுப்பவர் வினோதினி என்ற முப்பது வயதுப் பெண். வெளிநாடுகளில் நர்ஸாக இருந்து, லீவு நாளெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களோடு ஆடித் திரிந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"நைன்த் படிக்கறப்ப ஆண்டு விழாவுக்கு என்னை முன்வரிசையில நிக்க வச்சாங்க. பாவாடையெல்லாம் தச்சாச்சு. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப, வயசுக்கு வந்த பொண்ணு மேடையேறக் கூடாதுன்னு அப்பா நிறுத்திட்டாரு. இந்த ஒண்ணு போய்ட்டு வரேங்க" என்றாள்.

நான் அவள் அப்பாவைப் போல் பிற்போக்குவாதி இல்லை. எனவே கூடாது என்று சொல்லவில்லை. "தனியாவா போவ?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்களும் வாங்களேன்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தொப்பையோடு சேர்த்து நானும் பதிவு செய்யப்பட்டேன்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் வகுப்பு. சுவரில் சாம்பார் வாடை போகாத அந்த ஹாலில் முதல் வாரம் அயர்லாந்து. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி அசையாமல் இருக்க வேண்டும், கால் மட்டும் துள்ள வேண்டும். எனக்குக் கால் அசையாமல் இருந்தது, கைகள் மட்டும் பஸ்ஸை நிறுத்துவதுபோல் ஆடின. அடுத்தது பிலிப்பைன்ஸ். பந்தல்காரரிடம் வாங்கிவந்த இரண்டு நீள மூங்கில்களைத் தரையில் தட்டித் தட்டிச் சேர்ப்பார்கள், நடுவே காலை விட்டு எடுக்க வேண்டும். விட்டேன், எடுக்கவில்லை. மூங்கில் தட்டியவர் பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வலியில் மூங்கிலிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாம் வாரம் கிரேக்கம். அங்கேதான் என் அறிவு விழித்துக்கொண்டது.

எல்லோரும் கைகோத்து வட்டமாக நின்று வலப்பக்கம் நகர வேண்டும் என்றார் வினோதினி. நகர்ந்தோம். நாலு எட்டு வைத்ததும் எனக்கு உடம்பு கூசியது. வட்டத்தின் நடுவே பார்த்து நின்றுகொண்டு வலப்பக்கம் போனால், நடுவில் இருப்பதை இடமாகச் சுற்றுகிறோம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கோயில், அரசமரம், நவக்கிரகம் எல்லாவற்றையும் வலமாகவே சுற்றிய உடம்பு இது. இடமாகச் சுற்றியது ஒரே ஒரு தடவை, எங்கப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது, தோளில் பானையோடு.

"மேடம், இது சாவுக்குச் சுத்தற சுத்து" என்றேன்.

ஆட்டம் நின்றது. வினோதினி யோசித்துவிட்டு, "அவுங்க ஊர்ல கல்யாணத்துலயே இப்படித்தான் சார் சுத்தறாங்க. வலது காலை எடுத்து வச்சு வலது பக்கமா போறோம். அது நல்லதுதானே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நடுவில் இருந்தது ஸ்பீக்கர் வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்குத் தோஷம் கிடையாது என்று நானும் அடங்கினேன்.

செல்வி நன்றாக ஆடினாள். எங்கே கற்றாள் என்று தெரியாது. ஒருமுறை காட்டினால் அவள் காலுக்குப் புரிந்துவிடும். கடலூரிலிருந்து போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் கால்விரலால் தரையில் எண்ணிக்கொண்டே வருவாள். அவளைப் பார்த்து நான் பூரித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பூரிக்கவில்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து என்னை எல்லோரும் "செல்வி மேடம் வீட்டுக்காரர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதினாறு வருடமாக அவள்தான் என் வீட்டுக்காரி. முறை மாறிப்போனது எனக்கு ரசிக்கவில்லை.

கடைசி ஞாயிறு மண்டபத்து மேடையிலேயே நிகழ்ச்சி, சொந்தபந்தங்களை அழைக்கலாம் என்றார்கள். கிரேக்க நடனத்துக்கு வரிசையின் தலையில் ஒருவர் நிற்க வேண்டும். சிவப்புக் கைக்குட்டையைச் சுழற்றியபடி மற்றவர்களை இழுத்துப் போக வேண்டும். பாட்டின் பாதியில் மற்றவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்ற, தலையில் நிற்பவர் மட்டும் தனியாகச் சுழன்று ஆடுவார். வினோதினி ஒரு கணம்கூட யோசிக்காமல் செல்வியைக் காட்டினார். எனக்கு இரண்டாவது இடம்.

"மேடம் கையைப் பிடிச்சிக்கிட்டு அவுங்க போற பக்கம் போங்க சார். அது போதும்" என்றார் என்னிடம்.

அது போதுமாம். அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு குடுவையையும் தேவைக்கு மேல் முறைத்துப் பார்த்தேன்.

செல்வி தனக்கென்று ஒரு நீளப் பாவாடை தைத்தாள். கறுப்புத் துணி, கீழே மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தனக்கு இவ்வளவு பொறுமையாகத் தைத்து நான் பார்த்ததில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "பரவால்ல" என்றேன். (அதைவிடக் கஞ்சத்தனமான வார்த்தை அந்த நேரத்துக்குக் கிடைக்கவில்லை.)

நிகழ்ச்சிக்குக் கீரப்பாளையத்திலிருந்து என் தாய்மாமா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். செல்வியின் தம்பி முருகன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடையேறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையின் நடுவில், எங்கள் வட்டத்துக்குச் சரியான மையத்தில், இடுப்புயரக் குத்துவிளக்கு ஒன்று ஐந்து முகமும் எரிய நின்றது. ஆரம்பத்தில் யாரோ பிரமுகர் ஏற்றியது. ஏற்றிய விளக்கை நகர்த்தக் கூடாது என்று மண்டபத்து மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"சும்மா ஆடுங்க. விளக்கு விளக்கா இருக்கட்டும், நாம நாமளா இருப்போம்" என்று செல்வி என் காதோரம் சொன்னாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. செல்வி கைக்குட்டையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஓர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், அவருக்குப் பின்னால் பதினோரு பேர். எரிகிற விளக்கை இடமாகச் சுற்றிக்கொண்டு புறப்பட்டோம். முதல் சுற்றில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றில்தான் மாமாவைப் பார்த்தேன். அவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஆள்காட்டி விரலை வேகவேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு கடுப்பு.

திரும்பு, திருப்பிச் சுற்று என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் குடும்பம் சொல்வதற்கும் நடந்ததற்கும் வித்தியாசம். மாமாவுக்குப் பயந்து, சாமிக்குப் பயந்து நான் திரும்பினேன் என்பார்கள். பயம் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த விநாடி எனக்குள் எழுந்தது பயமில்லை, குஷி. இவள் போகிற பக்கம் நான் போக வேண்டியதில்லை, நான் சொல்வதுதான் சரி, அதோ மாமாவே சொல்லிவிட்டார். செல்வியின் தனி ஆட்டத்துக்கு இன்னும் எட்டே எண்ணிக்கை இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

நான் இடப்பக்கம் திரும்பினேன்.

பின்னால் வந்த வங்கி மேனேஜர் நல்ல கனம். முழு வேகத்தில் என் மேல் மோதினார். அவர் மேல் பதினோரு பேர். நான் செல்வியின் கையை விடவில்லை என்பதால் அவள் பின்புறமாக இழுபட்டு, விளக்கில் இடித்து, விளக்கோடு சாய்ந்தாள். ஐந்து முகமும் அணைந்தன. அதுவரை எந்த அபசகுனமும் இல்லாமல் எரிந்த விளக்கை அணைத்த பெருமை எனக்கே சேரும். எண்ணெய் மேடை முழுக்க ஓட, எழுந்தவர்கள் எல்லாம் மறுபடி விழுந்தார்கள். யாருக்கும் பெரிதாக அடி இல்லை. ஹாலே சிரித்தது.

நான் மெல்ல எழுந்தேன். இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அணைந்த விளக்கை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டுக் கும்பிட்டு, சபையைப் பார்த்து இரண்டு குதி குதித்தேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இன்னும் இரண்டு குதித்தேன். திரையை மூடிவிட்டார்கள்.

கீழே வந்து மாமாவிடம், "என்னா மாமா, திரும்பச் சொல்லி கை காட்டனீங்களே" என்றேன்.

"திரும்பவா? நான் ஃபேனைப் போடச் சொன்னேன்டா. புழுக்கம் ஜாஸ்தியா இருந்துச்சி. உன் பொண்டாட்டி நல்லா ஆடிக்கிட்டிருந்தா, நீ எதுக்குடா நடுவுல பூந்த?" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பையில் எண்ணெய்ப் பாவாடை.

"எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா?" என்று கேட்டேன். (ஆமாம், கேட்டேன்.)

"ம்" என்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

அந்தக் கறை போகவில்லை. பாவாடையை வெட்டி மிக்ஸிக்கு உறை தைத்துவிட்டாள். தினமும் காலையில் சட்னி அரைக்கும்போது அந்தச் சிவப்புக் கரை என் கண்ணில் படும். மறு வருடம் வினோதினி புது வகுப்பு ஆரம்பிப்பதாகச் செய்தி அனுப்பினார். இந்தமுறை தனியாகவே போய்வா என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. நீங்கதான் நல்லா ஆடறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

இன்றைக்கும் நான் ஸ்கூட்டரைத் திருப்பினால், "மாமா, வலமா இடமா?" என்று முருகன் கேட்பான். எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் சாப்பாடு முடிந்ததும் அவன் எடுத்த அந்த வீடியோ டிவியில் ஓடும். விளக்கு சாயும், நான் குதிப்பேன், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். என் இரண்டாவது குதியில் முருகன் நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகும் அதில் நாலு விநாடி இருக்கிறது. யாரும் இல்லாதபோது நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் செல்வி எழுந்து நிற்கிறாள். பாவாடையை உதறி, கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடர்வதற்காக என் முதுகுப்பக்கம் இடது கையை நீட்டுகிறாள். நான் சபையைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கை அப்படியே காற்றில் நிற்கிறது. திரை மூடுகிறது.

போன மாதம் முருகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் வீட்டு விருந்துக்கு வந்த புதுப்பெண்ணுக்காக வீடியோவைப் போட்டார்கள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்" என்று முருகன் வழக்கம்போல் நிறுத்தினான்.

விருந்தினருக்கு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்த செல்வி, என்னைத்தான் பார்த்தாள். "ஆமா, அவ்வளவுதான்" என்றாள்.

அங்கே இருந்தவர்களிலேயே சத்தமாகச் சிரித்தது நான்தான்.