அத்தை காத்தாடி

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலாடிக்கு வெளியே என் மகன் முருகேசன் மிளகாய் மூட்டைகளை அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்டினான். முழுக்க இரும்பு. தூண்களைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம். (திருவிழா முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகிற கொட்டகை என்றே நான் நினைத்திருந்தேன்.)

"கட்டடம் எப்பய்யா கட்டுவ?" என்று கேட்டேன்.

"இதுதாம்மா கட்டடம். நம்ம காலத்துக்கும் நிக்கும்."

திறப்பு நாளன்று விருதுநகர் வியாபாரி ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் கிட்டங்கி முழுவதையும் வாடகைக்கு எடுப்பார். ஒரு சொட்டு ஒழுகினாலும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். மகனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

எனக்கோ வேறு கவலை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்களே, கண்ணேறு பட்டிருக்குமே. ஆளுக்குச் சுற்றிப்போட நாலு மிளகாய் போதும்; கண்ணேறு பட்டிருந்தால் நெருப்பில் போட்டாலும் நெடி வராது. இத்தனை பெரிய கட்டடத்துக்கு? ஓலைப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்கச் செய்யக் கூச்சம். ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளேயே மூச்சு வாங்கச் சுற்றிவந்து, சட்டியில் கொண்டுவந்திருந்த நெருப்புக் கங்கில் அத்தனையையும் கொட்டினேன். பக்கக் கதவு வழியாக வெளியே வந்து அதையும் சாத்தினேன். (பெரிய காரியக்காரி.)

அந்த நேரம் பார்த்துக் கார் வந்தது. "உள்ள பாருங்க அண்ணாச்சி" என்று முருகேசன் ஷட்டரைத் தூக்கினான்.

அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. இருமினார், தும்மினார், வேட்டி நுனியால் கண்ணைப் பொத்திக்கொண்டு வேலிக்கருவைப் புதர் வரைக்கும் ஓடினார். முருகேசன் எதிர்ப்பக்கம் ஓடினான்.

"அத்தை, என்ன செஞ்சீக?" என்றாள் மருமகள் செல்வி, இருமலுக்கு நடுவே.

நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நெடி நல்லா வருது. கண்ணேறு ஒண்ணும் படல போல" என்றேன்.

கருவைப் பக்கமிருந்து அண்ணாச்சி சிரிப்பது கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"பொகையே வெளிய போக வழியில்ல. மழை எங்குட்டு உள்ள வரும்? எடுத்துக்கிறேன் தம்பி. மேல ரெண்டு காத்தாடி மட்டும் வச்சிருங்க. அம்மா மறுபடியும் வருவாக."

கரண்ட் இல்லாமல் காற்றிலேயே சுற்றுகிற உருண்டைகள் இரண்டு கூரையில் ஏறின. மூட்டை தூக்குகிறவர்கள்கூட அவற்றை 'அத்தை காத்தாடி' என்றுதான் சொல்கிறார்கள்.

பெட்டி நிறைய என்று எழுதிவிட்டேன், அரைப்பெட்டியாகவும் இருக்கலாம். யாராவது விசாரித்துத் திருத்திவிடுங்கள். செல்வியிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவள் சொல்லச் சொல்ல அது இப்போது ஒரு மூட்டை ஆகியிருக்கிறது.