பனி செய்யப் போன கண்ணாடிக் கடைக்காரர்

ஒரு கன்னத்தில் மட்டும் சவர நுரையோடு நின்றிருந்த அந்தக் காலையில்தான் கண்ணாடிக் கடைக்காரர் அந்த மாபெரும் முடிவை எடுத்தார். இன்றைக்குக் கடைக்கு லீவு. அந்தப் பெயிண்டரை நேருக்கு நேர் பார்த்துவிடுவது.

மறு கன்னத்துக்கு நுரை போதவில்லை. டின்னை அழுத்தினால் காற்றுதான் வந்தது.

“புது டின்னுடி! எங்க போச்சு நுரையெல்லாம்?”

“நேத்து சாயங்காலம் செஞ்சு பார்த்தேன், தீர்ந்துபோச்சு” என்றாள் மனைவி, கொண்டையை முடிந்துகொண்டே. அவள் மழலையர் வகுப்பு டீச்சர். “இன்னிக்கு எங்க பிள்ளைங்க பனி செய்யுதுங்க. பசையில நுரையைக் கலந்து தாள்ல அப்பினா அப்படியே உப்பி நிக்குமாம். பெயிண்டர் சொன்னாராம்.”

பெயிண்டர் என்பவர் பக்கத்து வகுப்பு டீச்சரின் கணவர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். கண்ணாடிக் கடைக்காரர் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வாரமாக வீட்டில் அவர் புராணம்தான். பசைக் கோட்டின் மேல் உப்பைத் தூவினால் பனி மாதிரி மின்னுமாம், சொன்னது பெயிண்டர். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஐஸ் கட்டியையும் பஞ்சையும் தொட்டுப் பார்த்தால் விரலுக்கு அறிவு வருமாம், அதுவும் பெயிண்டர். கல்யாணமான நாளிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் சொல்லி மனைவி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்: “கரண்ட் போயிடுச்சு.”

ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்து அனுப்புகிற மனிதருக்கு இப்போது கண் மண் தெரியவில்லை.

“நானும் வர்றேன்” என்றார்.

“நீங்க எதுக்குங்க? குனிஞ்சா நிமிர முடியாது உங்களால. பெயிண்டர் வர்றார், ஒண்டியாவே சமாளிச்சிடுவார்.”

அவ்வளவுதான். மறு கன்னத்தை வெறும் சோப்பில் வழித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் ரத்தக்காயத்தோடு கிளம்பிவிட்டார்.

வகுப்பில் பெயிண்டர் ஏற்கெனவே ஆஜர். நெடுநெடுவென்று உயரம். தலை நிறைய சுருட்டை முடி. கண்ணாடிக் கடைக்காரரின் கை தானாகத் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டது. பெயிண்டர் ஏனோ அவரை முறைத்தார். இவரும் முறைத்தார்.

போட்டி தொடங்கிவிட்டது. பெயிண்டர் ஒரு கிண்ணத்தில் நுரையும் பசையும் கலக்கினால், இவர் பெரிய பேசினை மடியில் வைத்துக்கொண்டு தோள்பட்டை கழலக் கலக்கினார். பெயிண்டர் நீலச் சாயம் கரைத்தால், இவர் ஊதாவையும் சேர்த்துக் கரைத்தார். பிள்ளைகள் நுரையைத் தாளில் அப்பின, மேஜையில் அப்பின, பிறகு ஒன்றின் மேல் ஒன்று அப்பிக்கொண்டன.

அடுத்து தொடு விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு வாண்டு பஞ்சைத் தொட்டது, உப்பைத் தொட்டது. கீழே சிந்தியதைத் துடைக்கக் குனிந்திருந்த கண்ணாடிக் கடைக்காரரின் மண்டையையும் தொட்டது.

“வழுக்குது டீச்சர்! ஐஸ்!”

பெயிண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவியும் சேர்ந்து சிரித்தாளே, அதுதான் நெஞ்சில் தைத்தது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் பெயிண்டர் தரையைப் பெருக்கினார். விடுவாரா இவர்? தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பெயிண்டர் மேஜைகளைத் துடைத்தார். இவர் நாற்காலிகளைக் கால் காலாகத் துடைத்தார். கடைசியில் தொட்டியருகே தூரிகை கழுவும்போதுதான் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “நுரையில பசை கலக்கற ஐடியா பிரமாதம் சார். எங்க வீட்டுல ஒரு வாரமா உங்க பேச்சுதான்.”

பெயிண்டர் குழாயை மூடினார். “என்ன சார் சொல்றீங்க? அது உங்க ஐடியான்னுல்ல என் சம்சாரம் சொன்னா!”

“நானா? அப்ப உப்பு?”

“உப்பும் நீங்கதான். ஐஸும் நீங்கதான். ‘கண்ணாடிக்காரர் வர்றார், ஒண்டியாவே முடிச்சிடுவார், உங்களால முடியாது’ன்னு சொன்னா. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.”

இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். டீச்சர்கள் இரண்டு பேரும் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பெருக்கித் துடைக்கிற ஆயாவுக்கு இன்னிக்கு லீவாம்” என்றார் பெயிண்டர் மெல்ல. “எழுத்து எழுதிப் பிழைக்கிறவன் சார் நான். பனின்னு கூப்பிட்டப்பவே அது மூணு சுழின்னு தெரிஞ்சிருக்கணும்.”

நுரை படிந்த கைகளைக் குலுக்கி இருவரும் சபதம் செய்தார்கள். இனி இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. செத்தாலும் இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கண்ணாடிக் கடைக்காரர் கம்பீரமாகத் தொண்டையைக் கனைத்தார். “எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே எவன் புராணம் பாடினாலும் நான் வர்றதா இல்லை.”

“வேண்டாம்ங்க” என்றாள் மனைவி சாந்தமாக. “அடுத்த வாரம் மண்ணுல பொம்மை செய்யறோம். நீங்க வரமாட்டீங்கன்னு பெயிண்டர்கிட்ட இப்பத்தான் சொன்னேன். அப்படின்னா நானே வந்துடறேன்னுட்டார்.”

தெருமுனை வரை கண்ணாடிக் கடைக்காரர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். திரும்பியதும் கேட்டார்:

“எத்தனை மணிக்கு வரணும்?”