மாமாவின் காருக்குப் போட்ட சாம்பிராணி

காரை வெளியே கழுவுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. உள்ளே ஹோஸ் விட்டுக் கழுவிய மகான், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. ஜித்ராவில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மாமனார், சொந்த மகனுக்கே சாவி கொடுக்காதவர், தைப்பூசத்துக்காகத் தன் புதுக் காரை எனக்குக் கொடுத்தார். (மருமகன்மேல் அவ்வளவு நம்பிக்கை. பாவம்.) திகாம் பத்துவில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு லோரி குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். மனைவி சரசு மடியில் வைத்திருந்த அபிஷேகப் பால் செம்போடு கவிழ்ந்து, சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் கதவைத் திறந்தால் குமட்டியது. மாமா அன்று மாலையே பஸ்ஸில் வந்து காரை எடுத்துப்போவதாக இருந்தார். குச்சியில் துணி சுற்றிக் குடைந்தேன். பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். சீட்டு நகரும் இரும்புச் சட்டத்துக்குள் கை போகவே இல்லை. பொறுமை இழந்து ஹோஸை உள்ளே விட்டேன்.

"என்னங்க, காரக் கழுவுறீங்களா, மீன் வளக்கப் போறீங்களா?" என்றாள் சரசு.

நாற்றம் இரட்டிப்பானது. அப்போதுதான் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போடும் சாம்பிராணி நினைவுக்கு வந்தது. தூபக்காலில் கரியைக் கனலவைத்து, தட்டோடு காருக்குள் வைத்தேன். புகை வீணாகக் கூடாதென்று கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். (இந்த மூளைக்குத்தான் பெண் கொடுத்தார்.)

"கெரேத்தா தெர்பாக்கார்!" கார் எரிகிறதென்று எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக் அலறினார். நல்ல மனுஷி, தீயணைக்கும் பொம்பாவுக்கும் போன் போட்டுவிட்டார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து தூபக்காலோடு நிமிர்ந்தபோது, தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. அதன் பின்னாலேயே, பையும் கையுமாக மாமா.

இனி காரும் கிடையாது, மரியாதையும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். மாமா பக்கத்தில் வந்தார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது தன் காருக்குள்ளிருந்து வருகிறது என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது மாமாவின் சிரிப்பு. பொம்பாக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

போன மாதம் மாமா வேறு கார் வாங்கினார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும், மகனைத் தாண்டி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

"மொதல்ல நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ள," என்றார். "அந்தத் தூபக்கால மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க லா."