ஒரு கேன் சாயத்தண்ணீர்

“குடிச்சுப் பாருங்க சார். இளநி தோத்துப் போயிரும்” என்று ராஜவேல் எவர்சில்வர் டம்ளரை நீட்டினார்.

அருள்செல்வன் கையில் ஒரு காலிக் கேன் தொங்கிக்கொண்டிருந்தது. ராஜவேலின் சாயப்பட்டறைக்கு அவர் வந்தது நல்ல தண்ணீர் குடிக்க அல்ல, கெட்ட தண்ணீர் கேட்க.

“இது வேண்டாமுங்க. துணிக்குச் சாயம் போட்டுட்டு மிச்சமாகுமே, அந்தத் தண்ணி ஒரு கேன் குடுங்க.”

“சாயத்தண்ணீங்களா?” அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை என்பது போல ராஜவேல் முகத்தை வைத்துக்கொண்டார். “நம்ம பட்டறையில அப்படி ஒன்னு கெடையாதுங்களே. அத்தனையும் சுத்தம் பண்ணித் திருப்பி எடுத்துக்கறமுங்க. வாங்க, அந்தத் தண்ணியில மீன் உட்டிருக்கறோம், காட்டறேன்.”

“நான் காலேஜ் வாத்தியாருங்க” என்று அருள்செல்வன் அடையாள அட்டையைக் காட்டினார்.

ராஜவேல் அதிலிருந்த போட்டோவையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லாத்தான் பண்ணிக் குடுத்திருக்காங்க” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அருள்செல்வன் உண்மையாகவே வேதியியல் பேராசிரியர்தான். அந்த ஆண்டு கல்லூரியில் கணிதம், சமூகவியல், வேதியியல் என்று மூன்று துறைகளுக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்திருந்தது. மற்ற இருவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. தன்னுடைய ஒன்றே ஊருக்குப் போதும் என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம். வாழைநாரையும் தேங்காய் ஓட்டுக் கரியையும் வைத்துச் சாயத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் அது. பெற்ற பிள்ளையைப் போல அதை வளர்த்திருந்தார். வெள்ளிக்கிழமை நிபுணர் குழு வருகிறது. பட்டறையில் இருந்து வந்த அசல் தண்ணீரை அவர்கள் கண்முன் சுத்தம் செய்து காட்டினால் நிதி தொடரும். இல்லாவிட்டால் பிள்ளை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அது இருந்த அறையில் தன் காரை நிறுத்தக் கல்லூரி முதல்வர் ஏற்கெனவே அளவெடுத்துவிட்டார்.

கேனைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள் என்று அருள்செல்வன் முடிவு செய்தார். அடுத்த பட்டறைக்குக் கேனில்லாமல், பேன்ட்டுக்குப் பதில் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். உள்ளே தரையெல்லாம் அப்போதுதான் கழுவிய ஈரம். அங்கேயும் டம்ளர், அங்கேயும் மீன்.

தன்னைப் பற்றி ஏதோ பேச்சு அடிபடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. போட்டு உடைத்துவிட்டால் தீர்ந்தது. மறுநாள் ஒரு பட்டறைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், தொழில்காரர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்திக்கு நடுவில் நின்று கணீரென்று சொன்னார்: “நான் பொல்யூஷன் போர்டு ஆளு இல்லீங்க.”

பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டார்.

“நாங்க கேக்கவே இல்லீங்களே சார்” என்றார் ஒருவர், ரசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

அன்று மதியமே பாதிப் பட்டறைகள் ‘மெயின்டனன்ஸ்’ என்று பலகை மாட்டிவிட்டன. மாலையில் அருள்செல்வனுடைய மனைவியின் அண்ணன் கந்தவேல் போன் செய்தார். பனியன் கம்பெனி வைத்திருப்பவர்.

“ஏனுங்க மாப்ள, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? என்ற துணி பூரா சாயத்துக்குப் போய்ப் படுத்துக் கெடக்குது. திங்கக்கெழமை ஷிப்மெண்ட்.”

“நான் என்னங்க மச்சான் பண்ணுனேன்? ஒரு கேன் தண்ணி கேட்டேன்.”

“அத நான் வாங்கித் தர்றனுங்க. நீங்க தயவு பண்ணி ஊட்ட உட்டு வெளிய வராதீங்க.”

இது போதும். அருள்செல்வனுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. மறுநாள் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை சித்ரகலா அவரைத் தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார்.

“யாருங்க சார் மொதல்ல அப்படிச் சொன்னது? காலையிலீங்களா, மத்தியானமா? சோமனூர் வரைக்கும் போயிருச்சுங்களா?”

“பல்லடத்துல இருந்தே போன் வருதுங்க மேடம்.”

“பல்லடமா?” சித்ரகலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அருள்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கல்லூரியில் தன் கஷ்டத்தை இவ்வளவு விவரமாகக் கேட்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமை காலை கந்தவேலின் வேனில் மூடி போட்ட டிரம் வந்து இறங்கியது. குழுத் தலைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அருள்செல்வன் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு டிரம்மைத் திறந்து, குழாயைச் செருகி, சுவிட்சைத் தட்டினார். இயந்திரம் அருமையாக ஓடியது. வெளியே பளிங்கு போலத் தண்ணீர் கொட்டியது.

சங்கடம் என்னவென்றால், உள்ளே போன தண்ணீரும் பளிங்கு போலத்தான் இருந்தது.

“இது சுத்தம் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார் தலைவி.

போன் அடித்தது. “மாப்ள, உங்களுக்குன்னு வாய் தவறிச் சொல்லிப்போட்டனுங்க. மினரல் வாட்டர் ஊத்தி அனுப்பீட்டாங்களாமா.”

“அடுத்த வருஷம் பாக்கலாம் சார்” என்று தலைவி கோப்பை மூடினார். அருள்செல்வன் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். முதல்வர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து சித்ரகலாவின் முறை. திரையில் ஒரு வரைபடம் தெரிந்தது. ராஜவேலின் பட்டறை, கல்யாண மண்டபம், சோமனூர், பல்லடம் என்று சிவப்புப் புள்ளிகள். அருள்செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்கு நேர்ந்த அநியாயத்தை இந்தப் பெண் சபையில் எடுத்து வைக்கப் போகிறாள். பேச்சைக் கிளப்பிவிட்டவன் இன்றைக்கு மாட்டினான். என்ன ஆனாலும் சரி, அவனைச் சும்மா விடுவதில்லை.

தலைவி ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். “இவ்வளவு வேகமாவா? பிரமாதம். இந்தப் பேச்சு மொதல்ல எங்கிருந்து கெளம்புச்சும்மா?”

சித்ரகலா பின்வரிசைப் பக்கம் திரும்பி, அருள்செல்வனைப் பணிவாகக் கும்பிட்டார்.

“வதந்தி ஒரு தொழில் ஊருல எப்படிப் பரவுதுங்கறதுதான் என்னோட ஆராய்ச்சிங்க மேடம். அருள்செல்வன் சார் வேஷம் மாத்தி வந்திருக்கற பொல்யூஷன் ஆபீசருன்னு ஒரே ஒரு பேக்கரியில, டீ குடிக்கறப்ப நான் சொல்லிவெச்சனுங்க.”