ஏசி ஃபில்டரும் சந்தனப் பவுடரும்

ஒரு வேலையைத் தெரியாமல் செய்கிறவனால் பெரிய ஆபத்து இல்லை. பாதியிலேயே பயந்து விட்டுவிடுவான். அதைச் சரியாகச் செய்து முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பண்ணா என்ன?" என்று யோசிக்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் யோசித்தேன். (அன்றைக்கென்று பார்த்து மூளை நன்றாக வேலை செய்து தொலைத்தது.)

என் தங்கை மாலதிக்குத் தூசி ஆகாது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு. இருந்தும் வியாசர்பாடி மைதானத்துப் புழுதியில் பந்து உதைத்துத்தான் வளர்ந்தாள். மூச்சு வாங்கினால் ஓரமாக உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்துவிட்டு மறுபடி இறங்கிவிடுவாள். அவளுக்கு மூச்சு கம்மி, தைரியம் ஜாஸ்தி. எனக்கு அப்படியே தலைகீழ்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ரிசப்ஷன் அங்கேயே ஒரு மண்டபத்தில். திருவொற்றியூர் தாண்டிப் போகும் அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், கண்ணைத் திறக்க முடியாத தூசி. மாலதி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ணா, எனக்கு சீர் கீர் ஒண்ணும் வாணாம். ஒன் வண்டில தூசி வராம இட்டுகினு போ, போதும். மேடையில நான் இளைச்சிகினு நிக்கப்போறேன்னு அம்மா ஒரு மாசமா பயந்துகினு கீது."

விடுவேனா? கைப்பேசியில் வீடியோ பார்த்து, என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை உருவினேன். வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், துறைமுகத்து நிலக்கரித் தூள், கூடவே ஒரு கரப்பான் பூச்சியின் பூதவுடல். புது ஃபில்டர் வாங்கிப் போட்டேன். மிதியடிகளைத் துவைத்து, சீட்டின் இடுக்கெல்லாம் துடைத்தேன். அதுவரை நான் செய்ததில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அங்கேதான் யோசித்தேன். கல்யாணப் பெண் போகிற வண்டியில் வாசனை வேண்டாமா? ஸ்பிரே அடித்தால் அவளுக்கு இளைக்கும். சந்தனப் பவுடர்? பச்சைக் குழந்தைக்கே போடுகிறார்களே! புது ஃபில்டரை மறுபடி வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் தட்டினேன். நான் கேரம் ஆடுகிறவன். பவுடர் டப்பா கைக்கு வந்தால் அளவு பார்க்கிற வழக்கம் இல்லை.

ஆள் கூடினால் உள்ளே காற்று கெட்டுப்போகும் என்று அம்மா உட்பட எல்லோரையும் முன்னாலேயே வேனில் ஏற்றி அனுப்பினேன். நல்ல காற்று படட்டும் என்று மாலதியை முன் சீட்டில் உட்கார வைத்தேன். பச்சைப் பட்டு, முழு மேக்கப். ஏசியை மெல்ல வைத்ததும் சந்தன வாசனை வந்தது. "சூப்பரா கீதுணா," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவொற்றியூர் தாண்டியதும் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். "மேக்கப் உருகுதுணா, கொஞ்சம் ஏத்து," என்றாள். ஒரே திருகு, கடைசி வரைக்கும்.

துவாரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்பியதைப் பார்த்து, ஏசியில் பனி கொட்டுகிறது என்று ஒரு நொடி பெருமைகூடப் பட்டேன். பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலதி இருமினாள். இருமல் நின்று, நெஞ்சில் விசில் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடியை இறக்குவதற்குப் பதில் வைப்பரைப் போட்டேன்.

அவளே கதவைத் திறந்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு இடையில் புகுந்து, கடலோரக் கல்மேட்டில் போய் உட்கார்ந்து, பர்ஸிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தாள். கண்ணை மூடி, கடல் காற்றுக்கு முகத்தைக் காட்டியபடி இருந்தாள். பக்கத்தில் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன். மூச்சு சீரானதும் திரும்பி என்னைப் பார்த்தவள், விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

அப்போதுதான் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெரியம்மா, காசிமேட்டில் மீன் வியாபாரம். விருந்துக்கு ஐஸ் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்.

"இன்னாம்மே இது, எங்கூட்டு மருமவ மூஞ்சில யாரு கோலமாவு அப்புனது?"

"எங்க அண்ணன்தான் பெரிம்மா. ஏசில பவுடர் கொட்டி வச்சிகீது."

"அறிவு கீதா அதுக்கு?"

"அதத்தான் ரொம்ப நாளா தேடிகினு கீறோம்."

"சரி, ஏறு நம்ம வண்டில. மீனு நாறும், ஆனா காத்து நல்லா வரும்."

ஐஸ் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மீன் வண்டியில் ராணி மாதிரி போய் இறங்கினாள் என் தங்கை. பின்னாலேயே கண்ணாடிகளை இறக்கிவிட்டு நான். பதறி ஓடிவந்த அம்மாவிடம், "ஒண்ணும் இல்லமா, ஒன் புள்ள எனக்கு மேக்கப் போட்டு உட்டான்," என்றாள். மண்டபமே சிரித்தது. பவுடரோ கிரீமோ இல்லாத அந்த முகத்தோடுதான் மேடையில் நின்றாள். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து எண்ணூரில் என் பெயர் பவுடர் மச்சான். எந்த விசேஷமானாலும் மாலதியே நடுவில் நின்று இந்தக் கதையை நடித்துக் காட்டுவாள். பனி வரும், வைப்பர் வரும், வருஷத்துக்கு வருஷம் என் முட்டாள்தனம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் கதவைத் திறந்த இடம் வந்ததும், "அப்ப பாத்து பெரிம்மா வண்டி வந்துச்சு," என்று தாவிவிடுவாள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

ஒரு தடவை விருந்துப் பந்தியில், அம்மா எதிரில் இருக்கும்போதே, அந்தக் கல்மேட்டைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். முகத்தில் சிரிப்பு மாறாமல், மேசைக்குக் கீழே என் காலை ஓங்கி மிதித்துவிட்டு மாலதி சொன்னாள்: "ஒங்க பவுடர் மச்சானுக்கு இன்னொரு துண்டு மீனு வைங்க. வாயி சும்மா கீது."